ஜன்னலோரம், இருவருக்கு மட்டும்

1

மனிதன் கடலை வென்றதுதான் நாகரிகத்தின் ஆகப்பெரிய சாதனை. மரத்தைக் குடைந்து ஏறியவன், விண்மீனைப் பார்த்து வழி கண்டவன், புயலில் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு செத்தவன் என்று எத்தனையோ தலைமுறைகள் உயிரைக் கொடுத்ததால்தான் நாம் இன்று இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

இந்த இடம் என்று நான் சொல்வது, உல்லாசக் கப்பலின் ஐந்தாம் தளத்தில், சாப்பாட்டுக்கூடத்தின் வாசலில் நிற்கும் வரிசையை. கப்பல் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தை விட்டு இன்னும் அசையவில்லை. பெட்டிகள்கூட அறைக்கு வந்து சேரவில்லை. ஆனால் ஓய்வுபெற்ற ஆங்கிலேயர்கள் கால்வலியையும் பொருட்படுத்தாமல் நிற்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே குறைதான். முன்பின் தெரியாதவர்களோடு எட்டுப்பேர் மேசையில் போட்டுவிட்டார்கள். இருவர் மேசை வேண்டும்.

நானும் நின்றேன். முப்பது வருடமாக இங்கிலாந்தில் இருக்கிறேன், வரிசையைப் பார்த்தால் நிற்காமல் இருக்க முடிவதில்லை. எனக்கு முன்னால் நின்றவர் டெஸ்மண்ட். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. கற்பனையில் உதித்தது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் ஒட்டுக்கேட்டது.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. முதலில் இப்படி எழுதினேன்:

*நீலக்கடலின் மடியில், ஒரு முதிய தம்பதி தங்கள் காதலின் அந்தியை*

என் மனைவி வனஜா எட்டிப் பார்த்துவிட்டு, "மடி, அந்தி ரெண்டையும் எடுத்துடுங்க" என்றாள். எடுத்தால் கடல் மட்டும்தான் மிஞ்சியது. அடுத்தது:

*டெஸ்மண்ட் ப்ரிஸ்டோ ஒரு கர்வி.*

இது உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் அவரை முதல் வரியிலேயே வெறுத்துவிடுவீர்கள். நான் ஆறாம் பகுதிவரை காத்திருந்தேன், நீங்களும் காத்திருப்பதுதான் நியாயம். (ஆறாம் பகுதிக்கு இப்போதே தாவ நினைப்பவர்கள் தாவலாம். கேக் அங்கேதான் வருகிறது.)

ஆக, அவரைப் பற்றி வெறும் தகவலாகச் சொல்கிறேன். அறுபத்தாறு வயது. ஏதோ ஒரு சின்ன ஊரின் தோட்டக்கலைச் சங்கத் தலைவர். பேசத் தொடங்குமுன் ஒருமுறை தொண்டையைச் செருமுவார், எதிரே இருப்பது ஒரே ஒரு ஆளாக இருந்தாலும்.

3

சாப்பாட்டுக்கூட மேலாளர் அக்னெலோ, கோவாக்காரர். முன்னால் இருக்கை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, கருணை நிறைந்த முகத்தோடு எல்லோருக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டெஸ்மண்ட் செருமினார். "எனக்கும் என் மனைவிக்கும் தனி மேசை வேணும். ரெண்டு பேருக்கு. ஜன்னலோரம்."

"எல்லாம் போயிடுச்சு சார். எட்டுப்பேர் மேசை ரொம்பக் கலகலன்னு இருக்கும் சார்."

"போன தடவை அந்தக் கலகலப்புலதான் ஒரு ஆளு தன் மூட்டு ஆபரேஷனை ஏழு நாளும் சொன்னான்."

"புரியுது சார். ஆனா விசேஷம் ஏதாவது இருந்தாத்தான்..."

டெஸ்மண்ட் ஒரு கணம் கடல் பக்கம் பார்த்தார். "பொன்விழா. எங்க கல்யாண நாள்."

அக்னெலோ பயணிகள் விவரத்தைப் பார்த்தார். மறுபடி டெஸ்மண்டைப் பார்த்தார். "ரொம்பச் சின்ன வயசுலயே கல்யாணம் ஆயிடுச்சு போல சார்."

"எங்க ஊர்ல அப்படித்தான்."

மேசை கிடைத்தது. வரிசை முழுவதும் வாழ்த்துச் சொன்னது. நான்தான் உரக்கச் சொன்னேன். பிறகு என் முறை வந்ததும், அதே முகத்தோடு ஏதோ ஒரு நோயின் பெயரைச் சொல்லி நாங்களும் ஓர் இருவர் மேசையை வாங்கினோம். பக்கத்து மேசை.*

* அந்த நோய் எனக்கு இருந்ததில்லை. இந்தக் கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

4

இனி ஹிலரி. டெஸ்மண்டின் மனைவி. இவரைப் பற்றித்தான் எனக்குப் பயம், ஏனென்றால் நல்லவர்களை எனக்கு எழுத வராது. நல்லவேளையாக ஹிலரியை வனஜா சந்தித்தாள். கப்பலின் பயணிகள் சலவை அறையில். லட்சம் டன் ஆடம்பரத்துக்கு நடுவே, இந்த நாட்டுப் பெண்கள் வரிசையாக நின்று கணவன்மார்களின் சட்டைக்கு இஸ்திரி போடும் இடம் அது. கப்பலில் உண்மை பேசப்படும் ஒரே இடமும் அதுதான்.

ஹிலரி காலரைத் தேய்த்தபடி சொன்னாராம்:

"தனி மேசை நான் கேட்டதுங்க. அவரு என்னவோ எனக்குக் காதல் வந்துடுச்சுன்னு நெனச்சுக்கிட்டாரு. எனக்கு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான்."

"வீட்ல சொல்ல முடியாதா?"

"பொண்ணு பேரை எடுத்தாலே எந்திரிச்சுத் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலுக்குப் போயிடுவாரு. ஒன்பது வருஷமா எங்க வீட்டுத் தக்காளிக்குத் தண்ணிப் பஞ்சமே இல்ல."

விஷயம் இதுதான். மகள் பிரையனியின் திருமணத்தில் டெஸ்மண்ட் பதினான்கு பக்க உரை தயாரித்து வந்திருந்தார். ஆறாம் பக்கத்தில் மணப்பெண் எழுந்து வந்து, "அப்பா, போதும்ப்பா, சூப் ஆறுது" என்று ஒலிவாங்கியைக் கையிலிருந்து வாங்கிவிட்டாள். மண்டபமே சிரித்துக் கைதட்டியது. டெஸ்மண்ட் தாள்களை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அன்றிலிருந்து மகளோடு பேச்சில்லை. பேரன் ரோவனுக்கு ஆறு வயது. தாத்தாவைப் பார்த்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை நாங்க இறங்குறப்ப அவ பையனைக் கூட்டிக்கிட்டுத் துறைமுகத்துக்கு வர்றா. நான்தான் வரச் சொன்னேன். அதுக்குள்ள இவர்கிட்டச் சொல்லியாகணும். திடீர்னு பார்த்தா, நின்ன இடத்துலயே திரும்பி நடந்துடுவாரு, அந்தப் புள்ள கண் முன்னாலயே."

"எப்பச் சொல்லப் போறீங்க?"

"நாளைக்கு ராத்திரி, கோட்டும் கழுத்துல பட்டாம்பூச்சி மாதிரி போ-டையும் கட்டிக்கிட்டு வர்ற விருந்துல. அதைக் கட்டிக்கிட்டு உக்காந்தா, பாதிச் சாப்பாட்டுல எந்திரிக்க மாட்டாரு. மரியாதை இல்லையாம். சுத்தியும் கடல் வேற. எங்க போவாரு?"

வனஜா இதை என்னிடம் சொன்னபோது, "இதை எழுதக் கூடாது" என்றும் சொன்னாள்.

5

(இங்கே ஒரு தொழில் சிக்கல். இவர்கள் மொழியில் யாரை அழைத்தாலும் ஒரே சொல்தான். தமிழில் ஹிலரி கணவனை 'நீ' என்பாரா, 'நீங்க' என்பாரா? நாற்பத்தொரு வருடத் திருமணம். தோட்டக்கலைச் சங்கக் கூட்டத்தில் 'நீங்க', இஸ்திரிப் பெட்டியோடு 'அவரு', சாப்பாட்டு மேசையில் 'நீ' என்று வைத்திருக்கிறேன். தவறென்றால் பழி எனக்கு.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கப்பலில் இருவர் மேசை என்பது ஒரு பொய். அவை ஜன்னலோரம் வரிசையாகப் போடப்பட்டிருக்கும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஓர் உள்ளங்கை இடைவெளி. பக்கத்து மேசைக்காரர் உப்புக் கேட்டால் உங்கள் கைதான் முதலில் நீளும். எட்டுப்பேர் மேசையிலாவது இரைச்சலில் ஒளிந்துகொள்ளலாம். இங்கே ரகசியம் பேசினால், நீங்கள், அவர், நான் என மூவருக்கும் சமமாகக் கேட்கும். ஆனால் கேட்காததுபோல் இருக்க வேண்டும் என்பது இங்கே எழுதப்படாத சட்டம். இரண்டு நாளாக டெஸ்மண்ட் என் முழங்கைக்கு அருகில் சாப்பிட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

6

அந்த இரவு.

ப்ரிஸ்டோ தம்பதியின் அறைக்கதவில் ஊழியர்கள் தங்கநிறப் பலூன்களும் '50' என்ற எண்ணும் ஒட்டிவிட்டிருந்தார்கள். லிப்டில் வந்தவர்கள் எல்லாம் கைகுலுக்கினார்கள். டெஸ்மண்ட் குலுக்கினார். ஹிலரி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மேசைக்கு வந்து உட்கார்ந்து நாப்கினை விரித்தபோது மட்டும் சொன்னார்:

"அம்பதா, டெஸ்?"

"இல்லன்னா மேசை குடுக்க மாட்டாங்க."

"மிச்சம் ஒன்பது வருஷத்தை எங்கிருந்து எடுத்த?"

இறால் வந்தது, போனது. நான் என் தட்டை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஹிலரி தண்ணீர் குடித்தார். முள்கரண்டியை நேராக்கி வைத்தார்.

"டெஸ். ஞாயித்துக்கிழமை துறைமுகத்துல..."

விளக்குகள் மங்கின. சமையலறைக் கதவு திறந்து அக்னெலோ தலைமையில் பத்துப் பன்னிரண்டு பரிசாரகர்கள் நாப்கின்களைத் தலைக்குமேல் சுழற்றியபடி, பாடிக்கொண்டே வந்தார்கள். கேக்கில் பொன்னெழுத்தில் '50'. கூடம் முழுக்கக் கைதட்டல். 'இது எங்கள் பொன்விழா இல்லை, தவறு நடந்துவிட்டது' என்று அவர்கள் சொல்ல ஒரு நொடி இருந்தது. இந்த நாட்டில் யாரும் அந்த நொடியைப் பயன்படுத்துவதில்லை. ஹிலரி சிரித்தார்.

எட்டுப்பேர் மேசையிலிருந்து யாரோ "பேச்சு! பேச்சு!" என்று கத்தினார்கள்.

டெஸ்மண்ட் எழுந்து செருமினார்.

(வாசகரே, நான் இங்கே அவரைக் கேலிசெய்யத் தயாராக இருந்தேன். வாக்கியங்களைக்கூட மனதில் அடுக்கி வைத்திருந்தேன்.)

நன்றி சொன்னார். வானிலையைப் பாராட்டினார். பிறகு, "எங்களுக்கு ஒரு பொண்ணு" என்றார். "மூணு வயசுல என் கோட்டுப் பொத்தானை முழுங்கிட்டா. ரெண்டு நாள் நானும் இவளும் காத்துக்கிட்டு இருந்தோம். பொத்தான் வந்துச்சு. அதைத்தான் இன்னிக்கும் போட்டிருக்கேன்." கூடம் சிரித்தது. ஹிலரியின் கை கேக் கத்தியின்மேல் நின்றுவிட்டது. "அஞ்சு வயசுல என் பரிசுப் பூசணி மேல உக்காந்து உடைச்சா. அந்த வருஷம் எனக்கு ரெண்டாம் பரிசு, அவளுக்கு முதல் அடி. அடிச்ச கை இன்னிக்கும் வலிக்குது."

கையில் தாள் இல்லை. ஆனால் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிப்புக்கு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் அச்சுப்போல இருந்தது. வனஜா என் கையைப் பிடித்தாள். "அதே கல்யாணப் பேச்சுங்க" என்றாள், மூச்சுக்குள்.

பள்ளிக்கூடம், சைக்கிள், முதல் வேலை. பிறகு, "அப்புறம் ஒரு நாள் அவ என்கிட்ட வந்து..." என்றவர் நின்றார்.

கூடம் காத்திருந்தது. அவரும் காத்திருந்தார், யாரோ எழுந்து வந்து நிறுத்த வேண்டும் என்பதுபோல. ஒருவரும் வரவில்லை. உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஆறாம் பக்கம்" என்றார் ஹிலரி.

"ம்."

"இன்னும் எட்டுப் பக்கம் இருக்கே, டெஸ்."

"அது ஊருக்கு இல்ல. அவளுக்கு எழுதினது."

டெஸ்மண்ட் எழுந்து போகவில்லை. கோட்டும் போ-டையும் அவரைப் பிடித்து வைத்திருந்தன. கேக் தட்டை மட்டும் அந்த உள்ளங்கை இடைவெளியைத் தாண்டி எங்கள் மேசைக்குத் தள்ளினார். மூன்று நாளில் முதல்முறையாக என்னைப் பார்த்தார். "நீங்க எடுத்துக்குங்க. எங்களுக்கு அம்பது ஆகல."

ஹிலரி மூச்சை இழுத்தார். "டெஸ், நான் ஒண்ணு சொல்லணும்..."

வனஜா என் காலை மிதித்தாள். "எந்திரிங்க."

"ஆட்டுக்கறி இன்னும் வரல."

"எந்திரிங்கன்னேன்ல."

எழுந்தோம். எங்கள் மேசை காலியானது. அந்தப் பயணத்தில் முதன்முறையாக அவர்களுக்குத் தனி மேசை கிடைத்தது.

7

அதனால்தான் எனக்கு முடிவு தெரியாது. நல்ல எழுத்தாளன் அங்கேயே உட்கார்ந்திருப்பான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அங்கேயே இருந்திருந்தால் வேறொரு வருத்தம் இருந்திருக்கும், அதையும் அறிவேன்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், டெஸ்மண்ட் கப்பலின் இறங்குபாலத்தில் வரும்போதே பேரனைப் பார்த்துச் செருமுகிறார். மீதி எட்டுப் பக்கத்தையும் சொல்கிறார், பையன் நடுவில் தூங்கிவிடுகிறான். இது எனக்குப் பிடிக்கும். ஆனால் எனக்குப் பிடித்த முடிவுகளை நான் நம்புவதில்லை.

இன்னொன்றில், ஹிலரி மறுநாள் மகளுக்கு ஃபோன் செய்து, வர வேண்டாம் என்று

இதை முடிக்கவில்லை.

மூன்றாவது, வனஜா சொன்னது. "சொன்னாங்களோ இல்லையோ, அது அவங்க மேசை. உங்களுக்கு எதுக்கு?"

ஞாயிற்றுக்கிழமை, யார் எப்போது இறங்குவது என்று காட்ட எங்கள் பெட்டிகளில் ஒட்டியிருந்த நிறச்சீட்டு முதலில் இறங்குபவர்களுக்கானது. வெளியே ஒரு பெண் சின்னப் பையனோடு நின்றிருந்தாள். அப்படிப் பலர் நின்றார்கள். நான் அங்கேயே நின்று பார்க்கலாம் என்றேன். வனஜா வண்டியைக் கிளப்பிவிட்டாள். ஹிலரி அன்றிரவு என்ன சொன்னார், டெஸ்மண்ட் என்ன செய்தார் என்பதை நீங்கள் முடிவுசெய்துகொள்ளுங்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கும் இடத்தில் நடந்தது. நான் அங்கே இல்லை.

இருந்தவரை நடந்த ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். அன்று எழுந்து போகும்போது கேக்கை நான் மறக்காமல் எடுத்துக்கொண்டேன். வனஜா தொடவில்லை. முழுவதையும் நானே தின்றேன்.