குளிர்காலக் குழிகள்

முட்டைக்காகவே வேட்டையாடப்பட்டு அருகிப்போன ஸ்டர்ஜன் மீன்கள், டான்யூப் ஆற்றில் குளிர்காலத்தில் எந்தெந்தக் குழிகளில் ஒடுங்கும் என்று கணினியில் மாதிரி போட்டுக் கண்டுபிடித்தவள் ஒட்டிலியா. தற்காலிக வேலையிலேயே இழுபட்டுக்கொண்டிருந்தவளுக்கு நிரந்தர வேலை வாங்கித் தந்தது அந்தக் கட்டுரைதான். தரவு முழுவதையும் வெளியிட்டால்தான் அச்சிடுவோம் என்றது ஆய்விதழ். குழிகளைக் குறித்த வரைபடத்தை அப்படியே இணையத்தில் ஏற்றினாள். அறிவியல் எல்லோருக்கும் பொது என்று மேடையேறி முழங்கவும் செய்தாள்.

பனி உருகத் தொடங்கியதும், மீன்கள் குழிகளை விட்டுக் கிளம்பும் முன்பே, படகோட்டி ஆர்த்தியோமுடன் முதல் குழிக்குப் போனாள். மீன் காட்டும் கருவியின் திரை வெறுமையாக இருந்தது. அடுத்த குழியிலும் அப்படியே. மூன்றாவதில் நங்கூரத்தைத் தூக்கியபோது, தூண்டில் முட்கள் கோத்த கயிறு ஒன்று கூடவே வந்தது.

"என் கணக்குதான் எங்கயோ தப்பாயிடுச்சு" என்றாள், தப்பாக இருந்துவிட்டால் தேவலை என்பதுபோல.

"சும்மா இருங்க டாக்டரம்மா! எங்கப்பா காலத்துல ஒண்ணு சிக்கறதுக்கு ஆறு பூரா அலையணும்." ஆர்த்தியோம் சிரித்தபடி தன் போனை நீட்டினான். திரையில் அவளுடைய வரைபடம். அடியில் அவள் பெயர். "ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்கு. ஒரு குழிகூடத் தப்பல."