இசைத்தட்டின் நிதானம்

"ஓடறே லாவண்யா, ஓடிகினே இருக்கே—"

"நான் எங்க மாமா ஓடறேன், அந்தப் பாடகி பாடின—"

"—கல்யாணி ராகம்மா அது! கண்ணமங்கலம் பஸ்ஸா, ஓடிப் புடிக்க?"

"அந்தப் பாடகி பாடின வேகத்துலதான் பாடறேன். மொபைல்ல கேட்டுப் பாருங்களேன்!"

"மொபைலாம் மொபைலு!"

மாமனாரும் மருமகளும் மோதிக்கொண்டது ராமநவமிக் கச்சேரிக்காக. எங்கள் தெரு பஜனைக் கோயில் கமிட்டிக்கு என் வீட்டுக்காரர் வேணுகோபால்தான் தலைவர். யார் பாடலாம், யார் கூடாது என்பதெல்லாம் அவர் வாக்கு. அந்த அளவுக்குச் சங்கீத ஞானம். அந்த ஞானம் போன வருடம்தான் வந்தது, பரணிலிருந்து வந்தது. பட்டுக்கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருந்தவர், அவர் அப்பா காலத்து ரெக்கார்டு பிளேயரை இறக்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து வேலூருக்குக் கொண்டுபோய் ரிப்பேர் செய்துவந்தார். அன்றிலிருந்து மொபைலில் வருவது எதுவும் பாட்டே இல்லை.

லாவண்யா போளூரில் சின்ன வயதிலிருந்து முறையாகப் பாட்டுக் கற்றவள். கல்யாணமாகி இங்கே வந்தபிறகு ஒரு மேடையும் ஏறவில்லை. இந்தக் கச்சேரியை நம்பி விடியலில் எழுந்து சாதகம் செய்துகொண்டிருந்தாள். நோட்டீஸில் போடும் பாடகர்களில் அவளை மட்டும் இவர் சேர்க்கவில்லை.

"ரெக்கார்டுல கேளு, இன்னா நிதானம்! குரல்ல இன்னா கனம்! அதே பாட்டை மொபைல்காரன் வெரட்டி, கீச்சுக்குரலாக்கி வச்சிருக்கான்."

"அவனுக்கு இன்னாங்க அவசரம்?" என்றேன்.

"டேட்டா மிச்சம் புடிக்கறான். உனுக்குத் தெரியாது ராஜம், கம்முனு இரு."

எனக்குத் தெரியாதுதான்.

கமிட்டிப் பொருளாளர் தென்னரசு மட்டும் லாவண்யாவுக்காகப் பேசியிருந்தார். அவர் காதையும் திறந்துவிடலாம் என்று மறுநாள் காலை வீட்டுக்கு அழைத்தார் இவர். மறுநாள் அமாவாசை. அன்று எங்கள் தெருவில் யாரும் விசைத்தறி ஓட்டுவதில்லை. தென்னரசுவின் பவர்லூமும் நின்றிருந்ததால் அவர் நிம்மதியாக உட்கார்ந்து காபி குடித்தார்.

"மொதல்ல அந்த மொபைலைப் போடு."

லாவண்யா போட்டாள்.

"கேட்டீங்களா தென்னரசு, ஓட்டத்தை? இப்ப நெசமான பாட்டைக் கேளுங்க."

இசைத்தட்டைப் பட்டுத்துணியால் துடைத்து, குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல முள்ளை வைத்தார். பாட்டு வந்தது. மொபைலில் வந்த அதே வேகம், அதே குரல். கனத்தையும் காணோம், நிதானத்தையும் காணோம்.

முள்ளை எடுத்து ஊதிவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் ஓடியது.

"யார் இதுல கை வச்சது?"

"யாரும் தொடல மாமா."

"அப்ப ஏன் ஓடுது?"

"ஃபேனும்தான் இன்னிக்கு ஓடுது," என்றேன். "அதுவும் மொபைல்ல கத்துக்கிச்சோ இன்னாவோ."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மற்ற நாளில் இறக்கைகளை எண்ணிவிடலாம்போல் அசைகிற ஃபேன், சுவரில் இருந்த காலண்டரைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

தென்னரசு தொண்டையைச் செருமினார். "தலைவரே, தெரு முச்சூடும் தறி ஓடுனா வோல்டேஜ் எங்கருந்து வரும்? எங்கூட்டு மிக்ஸி தேங்காயை அரைக்காது, தடவிக் குடுக்கும். உங்க பிளேயரும் கரண்ட் பத்தாம இழுத்துகினு இருந்திருக்கு."

"அப்ப அந்தக் கனம்?"

"லோ வோல்டேஜுங்க."

"நிதானம்?"

"அதுவும் அதேதாங்க."

இவர் தட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், குற்றவாளி அங்கே ஒளிந்திருப்பதுபோல.

"இருந்தாலும், மொபைல்ல இல்லாத ஒரு உயிர் இதுல இருக்கு."

"இருக்கு மாமா," என்றாள் லாவண்யா. கிண்டலில்லை, நிஜமாகவே சொன்னாள். "அந்தக் கரகரப்பு கூட நல்லாத்தான் இருக்கு."

நான் காபி டம்ளர்களை எடுத்தேன்.

"இன்னாங்க, நோட்டீஸு இன்னும் அச்சுக்குப் போவலியாம். லாவண்யா பேரை மேல போடச் சொல்லட்டுமா, நடுவுல போடச் சொல்லட்டுமா?"