வரிசையின் கடைசி ஆள்

மைக்கில் வாக்குச்சாவடி எண்ணைச் சொல்லி, "தலைமை அலுவலர் வந்து மெஷினை வாங்கிக்குங்க" என்று கூப்பிட்டபோது, பந்தலின் அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து போனது சுவாதி. ஜெயப்ரியா கையிலிருந்த உத்தரவை இன்னொரு முறை பார்த்தாள். அதே எண்தான். மாவட்டம் முழுக்க இருக்கும் அரசு ஊழியர்களைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டிருந்தது. யாரோடு வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம். இவளோடு விழுந்திருந்தது.

கிருஷ்ணகிரி கல்லூரியில் மூன்று வருஷமும் இருவரும் ஒரே பெஞ்சு. ஆய்வகத்தில் ஒரே மேசை. கொடுத்த உப்பு எதுவென்று கண்டுபிடிப்பது ஜெயப்ரியா, எழுந்து நின்று சொல்வது சுவாதி. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் ஜெயப்ரியாவுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் அது ஓர் ஏற்பாடு போல நடந்தது. அப்போது அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகவும் நினைவில்லை. பிறகு இருவரும் ஒரே புத்தகங்களை வைத்துக்கொண்டு ஆசிரியர் தேர்வுக்குப் படித்தார்கள். சுவாதி மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை ஆனாள். ஜெயப்ரியா வேறொரு தேர்வு எழுதி, ஓசூரில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் ஆனாள். சுவாதி சில முறை போன் செய்தாள். ஜெயப்ரியா எடுக்கவில்லை.

"ஜெயா! நீயாடி?" சுவாதி மெஷின் பெட்டியைத் தூக்கிக்கொண்டே ஓடி வந்தாள். "எனக்கு இப்பதான் உசுரே வந்துச்சு. பயந்து செத்துட்டிருந்தேன். நீ கூட இருக்கியே, அது போதும்."

மேடம் என்று கூப்பிடுவதா, பேரைச் சொல்வதா என்று தெரியாமல் ஜெயப்ரியா வெறுமனே சிரித்தாள். நீ கூட இருந்தால் போதும். அன்றும் இதைத்தான் சொல்வாள்.

பூத், சூளகிரியைத் தாண்டி ஒரு தொடக்கப் பள்ளியில். ஒரு பக்கம் தக்காளித் தோட்டம், மறு பக்கம் புதிதாக வந்திருந்த கம்பெனிகளின் தகரக் கூரைகள். விடிவதற்கு முன்பே கட்சி ஏஜென்டுகளை வைத்து மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, மெஷினுக்கு சீல் வைத்து, ஏழு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். முதல் மேசையில் அண்ணாதுரை சார், வட்டார அலுவலகத்தின் பழைய ஆள், வாக்காளரின் பெயரை உரக்கப் படிப்பார். இரண்டாவது மேசையில் மைக்குச்சியோடு ஜெயப்ரியா. மூன்றாவது மேசையில் இருந்தவர் ஓட்டுக்கு மெஷினைத் திறந்துவிடுவார். இவர்கள் எல்லாருக்கும் மேலே, சுவர் ஓரமாகத் தனி நாற்காலியில், சுவாதி.

ஆனால் சுவாதி அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தானே. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். தயங்கி நின்ற கிழவியிடம் தெலுங்கில், "தொந்தர லேதம்மா, நிதானங்கா ரா" என்று, அவசரமில்லை, மெதுவாக வரலாம் என்றாள். அடுத்து வந்த தம்பதியைக் கன்னடத்தில் "பன்னி, பன்னி" என்று உள்ளே வரச் சொன்னாள். சேலத்துப் பக்கமிருந்து வேலைக்கு வந்து இங்கேயே ஓட்டை மாற்றிக்கொண்டவனிடம் அவன் ஊர்க்காரி மாதிரியே பேசினாள். கிழவி ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து சுவாதியின் மோவாயைத் தொட்டு முத்தமிட்டாள்.

"மேடம் இந்தத் தொகுதியில நின்னா நம்ம வேட்பாளருங்க எல்லாம் மூட்டயக் கட்ட வேண்டியதுதான்," என்றார் அண்ணாதுரை.

ஏஜென்டுகள் சிரித்தார்கள். அவர்களில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சென்னகிருஷ்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தேர்தல் விதிகளை அச்சடித்த சின்னப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, எதற்கும் ஒரு விதி சொல்லத் தயாராக இருந்தவர் அவர்.

ஜெயப்ரியா விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கை ஆள்காட்டி விரல். தக்காளிக் காம்பின் பச்சைக்கறை ஏறியவை, கிரீஸ் போகாதவை, மருதாணி போட்டவை. பிடித்து, நகத்திலிருந்து கீழே ஒரு கோடு. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையை அவளிடம் கொடுத்துவிட்டு, கண்ணை சுவாதி மேல் வைத்திருந்தார்கள்.

ஒருவர் கையை நீட்டினார். ஆள்காட்டி விரல் பாதிக்கு மேல் இல்லை. கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் போயிருக்க வேண்டும், இந்தப் பக்கத்தில் அது புதிதில்லை. ஜெயப்ரியா அடுத்த விரலைப் பிடித்தாள். விதி அதுதான், பயிற்சி வகுப்பில் சொன்னது. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இதுல வெக்கலாங்களா?" என்று அவளைத் தாண்டி சுவாதியைக் கேட்டார்.

"அந்த மேடத்துக்குத் தெரியும்ணா, அவங்க சரியா வெப்பாங்க," என்றாள் சுவாதி.

உடனே அவர் கையை நீட்டினார். ஜெயப்ரியா கோடு போட்டாள். கொஞ்சம் அழுத்திப் போட்டுவிட்டாள். சுவாதி அதட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். இப்படிப் பெரிய மனசாக இருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவளிடம் ஒரு குறையாவது இருக்கக் கூடாதா என்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தாள். பதிவேட்டில் சுவாதியின் எழுத்து கோணலாக இருந்தது. கிடைத்தது அவ்வளவுதான்.

மதியம் கூட்டம் குறைந்தபோது ஆள் மாற்றி ஆள் சாப்பிட்டார்கள். சுவாதி எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஜூன்ல எனக்கு புரொபேஷன் முடியுதுடி. இன்னிக்கு ஒரு கம்ப்ளெயின்ட்டும் வராம இந்தப் பெட்டியக் கொண்டுபோய்ச் சேத்துட்டா போதும். அந்தாளு வேற புஸ்தகத்த வெச்சுகிட்டு என்னையே பாத்துகிட்டிருக்கார்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது," என்றாள் ஜெயப்ரியா. சொல்லும்போதே, ஏதாவது ஆனால் எப்படி இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. உடனே ஊறுகாயை எடுத்து சுவாதியின் பக்கம் தள்ளினாள்.

சாயங்காலம் வெயில் இறங்கியும் வரிசை தீரவில்லை. ஆறு மணி நெருங்கியது. ஆறு மணிக்கு வரிசையில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஓட்டுப் போடலாம், அதற்குப் பிறகு வந்தவர்கள் முடியாது. அதற்காகத்தான் டோக்கன். சுவாதி சின்னச் சின்னச் சீட்டுகளில் எண்ணைப் போட்டு ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டாள். மைவேலையை அண்ணாதுரை சாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சீட்டுகளை ஜெயப்ரியாவிடம் கொடுத்தாள்.

"கடைசி ஆள்கிட்ட இருந்து ஆரம்பிச்சு முன்னால வா. தெரியும்ல?"

தெரியும். ஒன்றாம் எண் கடைசியில் நிற்பவருக்கு. அவர் கையில் சீட்டுப் போனதும் வரிசை முடிந்தது, அவருக்குப் பின்னால் யார் வந்து நின்றாலும் வெளியாள் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். தலையிலிருந்து கொடுத்துக்கொண்டு போனால், கொடுத்து முடிப்பதற்குள் வால் வளர்ந்துகொண்டே இருக்கும். முதல் தடவை வருகிறவர்கள் செய்கிற தப்பு என்று பயிற்சியில் இதைத்தான் முதலில் சொன்னார்கள்.

ஜெயப்ரியா வரிசையின் கடைசிக்கு நடந்தாள். கடைசியில் கம்பெனிச் சட்டை போட்ட ஓர் ஆள் நின்று, போனைக் காதில் வைத்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இருங்க மேடம். எங்க கம்பெனி லைன்ல வேல செய்ற பொம்பளைங்க வந்துட்டே இருக்காங்க. லீவுன்னு பேருதான், கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு ஏது லீவு? சூப்பர்வைசர் இப்பதான் உட்டானாம்."

தூரத்தில், சர்வீஸ் ரோட்டில் ஒரு வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. கேட்டில் நின்ற போலீஸ்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறாச்சு. சாத்திரட்டுங்களா மேடம்?"

மேடம். அந்த நாள் முழுக்க அவளைப் பார்த்து அவளிடமே ஒருவர் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. வேன் இன்னும் திரும்பவில்லை. பாவம், அந்தப் பெண்கள் ஓட்டுப் போடட்டும் என்று நினைத்தாள். அது உண்மைதான். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அவர்கள் ஓடி வந்து, மூச்சு வாங்க, சுவாதியை அல்ல, தன்னைப் பார்க்க வேண்டும். அதற்கும் அடியில், இதனால் ஒரு புகார் வந்தால் அது யார் தலையில் விழும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க சார்," என்றாள்.

திரும்பி வரிசையின் தலைக்கு நடந்தாள். முதல் ஆளிடமிருந்து டோக்கன் கொடுக்க ஆரம்பித்தாள். பெயரைக் கேட்டாள், அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள், தேவையில்லாமல் நின்று நின்று கொடுத்தாள். தொண்டை அடைக்கவில்லை. பாதி வரிசை வந்தபோது கேட்டில் வேன் நின்றது. ஏழெட்டுப் பெண்கள் தலையில் மாட்டிய வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் குதித்து ஓடி வந்து வரிசையின் கடைசியில் ஒட்டிக்கொண்டார்கள்.

"மேடம்! மேடம்!" சென்னகிருஷ்ணன் தாழ்வாரத்திலிருந்து புத்தகத்தோடு இறங்கி வந்தார். "என்னா இது அநியாயம்? ஆறு மணி தாண்டி வேன்ல வந்து எறங்குறாங்க, நீங்க முன்னால இருந்து டோக்கன் குடுத்துட்டு வர்றீங்க! ஆனா ஆவன்னா தெரியாதவங்கள எல்லாம் டூட்டிக்கு அனுப்பிச்சா இப்பிடித்தான்."

"யோவ், என்னாய்யா அநியாயம்?" வேனில் வந்தவர்களில் உயரமாக இருந்த பூவம்மாள் இடுப்பில் கையை வைத்தாள். "மூணு மணியில இருந்து கேட்டுகிட்டு நிக்கிறோம் அந்த சூப்பர்வைசர் நாய. உனுக்கு எங்க ஓட்டு வாணாமின்னா சொல்லு, ஊட்டுக்கு வர்றப்போ பேசிக்கலாம்."

வரிசையில் சிரிப்பு. சென்னகிருஷ்ணன் பூவம்மாளை விட்டுவிட்டு ஜெயப்ரியாவிடம் திரும்பினார். "யார் சொல்லி இப்பிடிக் குடுத்தீங்க? சொல்லுங்க."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நாள் முழுக்க அவள் ஏங்கியதுதான் கிடைத்திருந்தது. நான்தான் என்று சொன்னால் போதும். வாய் திறந்தது, குரல் வரவில்லை.

சுவாதி வந்து நின்றாள். வரிசையைப் பார்த்தாள், கொடுத்திருந்த டோக்கன்களைப் பார்த்தாள், ஜெயப்ரியாவைப் பார்த்தாள். ஒரு பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்திருக்கும்.

"நான்தான் சொன்னேன்," என்றாள்.

"விதிப்படி மேடம்..."

"விதி தெரியும் சார். இவங்க கேட்டுக்குள்ள வந்தப்போ என் வாட்ச்ல ஆறு ஆகல. டோக்கன்ல என் கையெழுத்துதானே இருக்கு? எழுதிக் குடுங்க, வாங்கிக்கிறேன்."

கைக்கடிகாரம் கட்டிய கையை அவள் பின்னால் வைத்திருந்தாள். சென்னகிருஷ்ணன் ஒரு வெள்ளைத்தாளைக் கேட்டு வாங்கி, தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஜெயப்ரியா மிச்ச டோக்கன்களைக் கொடுத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனாள்.

வலைத்தொப்பிப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து விரலை நீட்டினார்கள். பூவம்மாளின் விரல் காய்ந்து வெடித்திருந்தது. மை போடும்போது அவள் ஜெயப்ரியாவின் தலைக்கு மேலே சுவாதியைப் பார்த்து, "மேடம், நீங்க நல்லா இருக்கணும். எங்களுக்காகச் சண்ட போட்டீங்க. யார் செய்வாங்க இந்தக் காலத்துல?" என்றாள். டோக்கனை மடித்து ரவிக்கைக்குள் வைக்கப் பார்த்தாள். அதைத் திருப்பித் தர வேண்டும் என்று அண்ணாதுரை கேட்டதும், "மேடம் கையெழுத்துங்க, நாபகத்துக்கு வெச்சிக்கலாம்னு பாத்தேன்," என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

கடைசிப் பெண் ஓட்டுப் போட்டு வெளியே போனதும், சுவாதி ஏஜென்டுகள் முன்னால் மெஷினில் முடிக்கும் பொத்தானை அழுத்தினாள். சென்னகிருஷ்ணன் தாளை நீட்டினார். "நீங்க நல்லவங்கதான் மேடம். ஆனா நான் எழுதித்தான் ஆகணும்," என்றார். சுவாதி வாங்கி, பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, நேரம் போட்டாள். கோணல் எழுத்து இன்னும் கோணலாக வந்தது.

அவர் நகர்ந்ததும் ஜெயப்ரியா பக்கத்தில் போனாள்.

"ஏன்டி முன்னால இருந்து ஆரம்பிச்ச?" சுவாதி தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"மறந்துட்டேன்."

"நீயா?"

சுவாதி தாளை நான்காக மடித்தாள்.

"நானும் எழுதித் தர்றேன் சுவாதி. நான்தான் குடுத்தேன்னு. என் பேரப் போட்டு."

"வாணாம். கேட்டா என்னையத்தான் கேப்பாங்க, உன்ன யாரும் கேக்க மாட்டாங்க. விடு."

ஆறுதலாகத்தான் சொன்னாள். ஜெயப்ரியாவுக்குக் காதுமடல் சுட்டது. நன்றியும் அவளுக்கு, பழியும் அவளுக்கு. தனக்கென்று ஒரு திட்டுகூட மிச்சமில்லை.

கேட்டிலிருந்து போலீஸ்காரர் கூப்பிட்டார். "மேடம், இந்த அம்மாங்க போகவே மாட்டேங்கிறாங்க. உங்ககூட ஒரு போட்டோ எடுக்கணுமாம். வந்து அனுப்பிச்சு உடுங்க."

"போங்க மேடம். அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் மெஷின் ஓடிப் போயிறாது," என்றார் அண்ணாதுரை.

சுவாதி முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். ஜெயப்ரியாவும் போனாள், ஏன் என்று தெரியாமல். கேட்டுக்கு வெளியே வேனின் விளக்கு வெளிச்சத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சுவாதியை இழுத்துத் தங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். நடுவில் பூவம்மாள் நின்றுகொண்டு விட்டுக்கொடுக்கவில்லை, அதனால் சுவாதிக்கு ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. ஒருத்தி தன் போனை ஜெயப்ரியாவின் கையில் திணித்தாள்.

"அக்கா, எல்லாரும் வர்ற மாதிரி எடுங்கக்கா."

எல்லாரும் இடது கையைத் தூக்கி மை வைத்த விரலைக் காட்டினார்கள். அவர்களைப் பார்த்து சுவாதியும் தூக்கினாள். தபால் ஓட்டுப் போட்டவள், அவள் விரலில் மட்டும் ஒன்றுமில்லை. திரையில் அவள் முகம் சின்னதாக, சாம்பல் பூத்துத் தெரிந்தது. சிரிக்க முயன்றுகொண்டிருந்தாள். கல்லூரியில் மூன்று வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், அவள் பயந்து ஜெயப்ரியா பார்த்தது இதுதான் முதல் தடவை.

போனைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினால் படத்தில் சுவாதி இருக்க மாட்டாள். பெண்கள் எல்லாரும் இருப்பார்கள், வேனும் இருக்கும். இருட்டில் கை தவறியது என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை.

விரல்கள் அப்படியே நின்றன. வேனின் வெளிச்சத்தில் பூச்சிகள் பறந்தன.

"எடுத்தாச்சாக்கா?" என்றாள் பூவம்மாள், உதட்டை அசைக்காமல்.

"இன்னும் இல்ல," என்றாள் ஜெயப்ரியா. "யாரும் ஆடாதீங்க."