கெஞ்சக் கற்றுக்கொடுத்தவள்

"இது ஏழை உடுத்துற பாவாடையா? ஒட்டுப் போட்ட இடமே தெரியலையே!" திருமதி லாக்ரிட்ஜ் பாவாடையைத் தரையில் வீசினாள்.

ஹனோரா குனிந்து எடுத்தாள். "ஒட்டு தெரியக் கூடாதுன்னுதாம்மா நாங்க பார்த்துப் பார்த்துத் தைப்போம்."

"உன் வீட்டுல எப்படியோ தைச்சுக்கோ. நாளைக்கு என் விருந்துல அது தெரியணும். கோணல்மாணலாத் தை."

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை ஆலை முதலாளி லாக்ரிட்ஜின் மாளிகையில் ஏழை விருந்து. ஊர்ப் பெரிய மனிதர்கள் நாற்பது பேர் கந்தலைக் கட்டிக்கொண்டு வருவார்கள். தகரத் தட்டில் உருளைக்கிழங்கு தின்பார்கள். முதலாளி முன் மண்டியிட்டுப் பிச்சை கேட்பார்கள். நன்றாகக் கெஞ்சுபவருக்கு ஒரு மூட்டை நிலக்கரி பரிசு. அந்தக் குளிர்காலத்தில் பணக்காரர்களுக்கு இதுதான் புது மோகம். வயிறு நிறைந்தவனுக்குப் பட்டினியும் ஒரு பலகாரம்தான்.

ஹனோராவின் கவலை வேறு. கணவன் கோர்மக்கின் வலக்கையைப் பஞ்சு சிக்கெடுக்கும் இயந்திரம் தின்று மூன்று வாரமாகிறது. ஆலையில் வேலை செய்ய ஆளில்லாத குடும்பத்துக்கு ஆலைக் குடியிருப்பில் இடமில்லை என்பது முதலாளி போட்ட சட்டம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் காலி செய்ய வேண்டும். வெளியே முழங்கால் அளவு பனி, கைக்குழந்தைக்கு மார்ச்சளி. இந்த அம்மாளிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் தையல் வேலைக்கே வந்தாள்.

கண்ணாடி முன் நின்ற எஜமானி சட்டென்று திரும்பினாள். "ஆமா, நீங்கள்லாம் எப்படிக் கெஞ்சுவீங்க? எனக்கு வரவே மாட்டேங்குது. எங்கே, எங்கிட்ட எதையாவது கேளு, பார்ப்போம்."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலிருந்தது ஹனோராவுக்கு.

"அம்மா, எங்களை வீட்டை விட்டு அனுப்பிடாதீங்க. அவருக்குக் கை போச்சு. எனக்கு ரெண்டு கை இருக்கு, என்னை வேலைக்கு எடுத்துக்கச் சொல்லுங்க. குழந்தை இந்தக் குளிரைத் தாங்காதும்மா..." அழுதேவிட்டாள். அவளை அறியாமலே மண்டியிட்டிருந்தாள்.

திருமதி லாக்ரிட்ஜ் கைதட்டினாள். "பிரமாதம்! அந்த 'ரெண்டு கை இருக்கு'ன்னு சொன்னியே, அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லு. மெதுவா."

பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். ஹனோரா இன்னொரு தடவை சொன்னாள். வீட்டை நினைத்து மூன்றாம் தடவையும் சொன்னாள்.

"நான் சொன்னதெல்லாம் நெசம்மா. ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா?"

"சொல்றேன், சொல்றேன். விருந்து முடியட்டும்."

விருந்தில் ஹனோரா தகரத் தட்டுகளோடு சுவரோரம் நின்றாள். எஜமானி கணவன் முன் மண்டியிட்டாள். அவருக்குக் கை போனது, ரெண்டு கை, குழந்தை, குளிர் என்று ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். கூடமே குலுங்கிச் சிரித்தது.

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "குடுத்தேன்! வீடு உனக்குத்தான். எவனும் உன்னைக் காலி பண்ணச் சொல்ல மாட்டான், போ!"

கைதட்டல் அதிர்ந்தது. ஹனோரா தட்டுகளை மேசைமேல் வைத்துவிட்டு நடுக்கூடத்துக்கு வந்தாள்.

"ரொம்ப நன்றிங்க ஐயா. ஆலைத் தெரு, ஆறாம் நம்பர் வீடு."

சிரிப்பு நின்றது. "யார் இவ?" என்றார் முதலாளி.

"கை போன கோர்மக்கோட பெண்டாட்டிங்க. அம்மா கேட்டது என் வீட்டைத்தான். நான் அழுததைத்தான் அழுது காட்டினாங்க."

"இது விளையாட்டும்மா," என்று அசடு வழிந்தார் முதலாளி.

"வேஷம் விளையாட்டுங்க. வாக்கு விளையாட்டா? நாப்பது பேர் கேட்டாங்க. நாளைக்கு ஏழு மணிக்கு ஆள் அனுப்புறதா இருந்தா, இவங்களையும் கூட அனுப்புங்க."

எஜமானி பதறிப்போய் நிலக்கரி மூட்டையைக் காட்டினாள். "ஹனோரா, இதை எடுத்துக்கிட்டுப் போயிடு."

"பரிசு உங்களுக்குத்தாம்மா, நல்லாக் கெஞ்சினீங்க. எனக்கு வீடு போதும்."

கந்தல் கட்டிய நாற்பது பெரிய மனிதர்களும் முதலாளியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.