கதிரைக்குச் சொல்லி அனுப்புதல்

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஆலோசனை அறையில் கிடைத்தது. நான் அங்கே ஏன் போயிருந்தேன் என்பது வாசகருக்குத் தேவையில்லாத விடயம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மீள்குடியேறிய இரண்டாம் ஆண்டில் கடல் அமைதியாக…’

(வேண்டாம். கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

2

எமிலியானுஸ் பள்ளிமுனைக் கிராமத்தில் மதிப்பான மனிதர். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்பதில் மகன் றெனால்டோடு பிணக்கு. மூன்று வருடமாகக் கதைபேச்சில்லை. அவசரமென்றால் வீட்டிலுள்ள மேசை, கதிரை, ஏதாவது தளபாடம் வழியாகத்தான்.

“கதிரை, உவனுக்குச் சொல்லு, வலை இன்னும் காயேல்லை.”

றெனால்டும் மரியாதை தெரிந்தவன். அலுமாரியிடம் பதில் சொல்லுவான்.

(சிரிக்க வேண்டாம். நல்ல குடும்பங்களில் சத்தம் போடுவதில்லை.)

இப்போது றெனால்டின் மகள், ஒன்பது வயது றெபேக்கா, தகப்பன் ஏசிய நாளிலிருந்து அவனோடு கதைக்கவில்லை. பதினொரு நாள். “வாளி, அவருக்குச் சொல்லு, பள்ளிக்கூடக் கொப்பி எழுதி முடிஞ்சுது.” விடயம் தெரிந்த பள்ளிக்கூடம் மூவரையும் ஆலோசகர் சுபத்திராவிடம் அனுப்பியது.

3

சுபத்திரா பெரிய கடதாசியில் அந்தக் குடும்பத்து ஆண்களைச் சதுரமாகவும் பெண்களை வட்டமாகவும் கீறினார். எமிலியானுஸுக்கும் றெனால்டுக்கும் நடுவே ஒரு நெளிகோடு.

“தங்கச்சி, அதென்ன பாம்பு?”

“உறவு முறிஞ்சிருக்கெண்டு அடையாளம், ஐயா.”

“அழியுங்கோ. எங்கட குடும்பத்தில முறிவில்லை. கதைக்கிறேல்லை, அவ்வளவுதான்.”

“உங்கட அப்பாவோட?”

“அவர் சாகுமட்டும் கதைக்கேல்லை!” என்றார் பெருமையாக.

மேலே இன்னொரு நெளிகோடு விழுந்தது. பிறகு பென்சில் கீழே இறங்கி, றெனால்டுக்கும் றெபேக்காவுக்கும் நடுவே நின்றது.

“இதையும் கீறட்டோ, ஐயா?”

எமிலியானுஸ் அந்தச் சின்ன வட்டத்தையே பார்த்தார். கீற வேண்டாமென்றால் முதலில் வாய் திறக்க வேண்டியவர் யாரென்று அவருக்குத் தெரியும்.

4

ஒரு முடிவு: அவர் “மகன்” என்கிறார். எல்லோரும் அழுகிறார்கள். (வெட்டிவிட்டேன். எங்கள் ஆட்கள் பிறத்தியாருக்கு முன்னால் அழமாட்டார்கள்.)

இன்னொன்று: “மேசை, இவனுக்குச் சொல்லு…” (இதுதான் நடக்கக்கூடியது. ஆனால் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.)

மூன்றாவது: அவர் றெனால்டின் பக்கம் திரும்பி,

இந்த வாக்கியத்தில் ஐந்து நாளாக நிற்கிறேன். ஒரு தகப்பன் அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டுமென்று என் மகனுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்து அறையில்தான் இருக்கிறான். கேட்பதென்றால் அவனோடு கதைக்க வேண்டும்.

மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள், வாசகரே. நான் எழுந்து அந்தக் கதவுவரை போய்ப் பார்க்கிறேன்.