ஊடுருவிப் போன அம்பு

அந்தச் சாரல் காலத்தில் புளியறையில் வேல்ராஜின் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் உழுது போட்டுவிட்டன. அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர். தோட்டத்தின் கீழ்ப்பாதி தங்கை மாடத்திக்கும் அவள் புருஷன் கடற்கரைக்கும் பிரித்துக் கொடுத்த பங்கு. அங்கேயும் பாதிச் செடி மூட்டோடு போயிருந்தது.

வேல்ராஜிடம் ஒரு கிராஸ்போ இருந்தது. துப்பாக்கிபோலத் தோளில் வைத்து விசையை இழுத்தால் அம்பு பாயும். ஆனால் அதில் குறி பார்க்கும் ஸ்கோப் மட்டமானது. வெளிச்சம் மங்கினால் பன்றி எது, புதர் எது என்று தெரியாது. அலுமினிய அம்புகளும் எடை குறைவு. இரண்டு பன்றிகள் விலாவில் அம்போடு ஓடிப்போயின. அதில் ஒன்று ஓடைக்குள் புழுத்துக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்து அவர் சாப்பிடவில்லை.

"அடிச்சா ஒரே அடியில சாவணும். இது பாவம்லா" என்றார்.

"அப்போ அடிக்காம இருங்க. ஃபாரஸ்ட்காரன் பிடிச்சா கேஸுதான்" என்றாள் மனைவி நிர்மலாதேவி.

அவர் கேட்கவில்லை. தென்காசிக்காரன் சமீர் துபாயிலிருந்து லீவில் வந்தபோது, சொல்லி வைத்திருந்த புது ஸ்கோப்பும் கார்பன் அம்புகளும் கொண்டு வந்தான். அம்பு முனையில் மூன்று சவரப் பிளேடுகள் சேர்ந்தாற்போல அலகு. பழைய ஸ்கோப்பைக் கழற்றிப் புதியதை முடுக்கிவிட்டு, இருவரும் துணி அடைத்த சாக்கை வைத்துக் குறி பார்த்தார்கள். முதலில் அம்பு கீழே இறங்கியது. சமீர் ஸ்கோப்பின் திருகைத் திருகித் திருகி ஏற்றினான். கடைசி அம்பு சாக்கைத் துளைத்து, பின்னால் நின்ற தென்னையில் போய்க் குத்திட்டு நின்றது.

"அண்ணாச்சி, இது பழசு மாதிரி உள்ள நிக்காது. அந்தப் பக்கம் போயிரும், பாத்துக்கிடுங்க."

"போட்டும்லே. அதுக்குத்தான வாங்குனது" என்று வேல்ராஜ் சிரித்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தூறல் விட்டிருந்தது. வரப்பு ஓரம் பெரிய ஆண் பன்றி ஒன்று கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. ஸ்கோப்பில் அதன் முதுகு மயிரில் நின்ற தண்ணீர்கூடத் தெரிந்தது. சிவப்புப் புள்ளியை முன்னங்கால் சப்பைக்குப் பின்னால் வைத்தார். முன்பெல்லாம் ஒன்றும் தெரியாததால் தலையைத் தூக்கிச் சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். அன்று கண்ணை எடுக்கவே தோன்றவில்லை. விசையை இழுத்தார்.

பன்றி நாலு எட்டு ஓடி விழுந்தது. அதற்கு அப்பாலிருந்து, "எம்மா!" என்று ஒரு குரல் வந்தது.

வாய்க்கால் நிறைந்து ஓடுகிறதே என்று மடையை வெட்டிவிட வந்த கடற்கரை, குனிந்திருந்த இடத்திலேயே சரிந்து கிடந்தான். அம்பு பன்றியை ஊடுருவி வந்து அவன் வயிற்றில் ஏறியிருந்தது.

அன்றும் வந்திருந்த சமீரின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு தென்காசிக்குப் பறந்தார்கள். அம்பைப் பிடுங்கக் கூடாது என்று வேல்ராஜுக்குத் தெரியும். துண்டைச் சுற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டார். செங்கோட்டை தாண்டும்போது கடற்கரை கண்ணைத் திறந்தான்.

"மச்சான், பன்னி குத்திட்டுன்னு சொல்லிருவோம்."

"பேசாத மாப்ள."

"நீ உள்ள போயிட்டா ரெண்டு வீட்டுக்கும் ஆளு இல்ல."

ஆஸ்பத்திரியில் அம்பைப் பார்த்ததுமே டாக்டர் போலீஸுக்குச் சொல்லச் சொன்னார். கடற்கரையை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மாடத்தி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். "யாருண்ணே? யாரு விட்டா?"

"நாந்தான் தாயி."

அவள் அண்ணனின் கையிலிருந்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "பன்னி செத்துச்சா?"

"செத்துட்டு."



விடியும்போது கடற்கரை போய்விட்டான். போலீஸ் வேல்ராஜைக் கூட்டிப்போனது; பன்றிக்குத் தனியாக ஃபாரஸ்ட் கேஸ். கொள்ளி போடும் நேரத்தில் அவர் லாக்கப்பில் இருந்தார்.

ஜாமீனில் வந்த மறுநாள் தோட்டத்துக்குப் போனார். மாடத்தி தனியாகக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். சாரல் நின்று மண் இறுகிக் கிடந்ததால் மூடு வரவில்லை. வேல்ராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பிலிருந்து இறங்கப் போனார்.

"அங்கனயே நில்லு" என்றாள், நிமிராமல். "என் மண்ணுல கால் வைக்காத."

அவர் நின்றார். அவள் இரண்டு கையாலும் தண்டைப் பிடித்து, முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தாள்.