நைஜல் கனத்துக்கு வைத்த கதவு

மால்வர்ன் பக்கம் அந்தக் காலத்துத் திறந்த கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், ஆள் ஏறி உட்கார்ந்தால் வண்டி நடுவில் கொஞ்சம் தொய்யும் என்று. உள்ளே மரச்சட்டம்தானே. அதனால் ஓட்டப்போகிறவரையே உட்கார வைத்து, கீலுக்கடியில் மெல்லிய தகடுகளைச் சொருகியும் உருவியும்தான் கதவைப் பொருத்துவார்கள். காலி வண்டியில் கதவு பொருத்துகிறவன் அப்புறம் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வேலையில் வில்ஃப் புலி. அந்தச் சிவப்பு வண்டி அவன் மகன் நைஜல் வாங்கிப் பிரித்துப் போட்டது. அதைப் பூட்டி ஓட்டிப்பார்க்கும் முன்பே பையன் மோட்டார் சைக்கிளில் போய் வூஸ்டர் சாலையில் அடிபட்டுச் செத்தான். அன்றிலிருந்து வில்ஃபுக்கு வண்டி நின்ற கொட்டகையே கதி. மனைவி தெல்மா பின்வாசலில் நின்று குரல் கொடுத்தால் வந்து தட்டை வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுவான். மகன்தான் போனான், புருஷனாவது மிஞ்ச வேண்டாமா? வண்டி ஒழிந்தால்தான் இவன் வீட்டுக்குள் வருவான் என்று தெல்மாவே விளம்பரம் கொடுத்தாள்.

பார்க்க வந்தவர் பெவன் என்ற பள்ளி ஆசிரியர். ஒட்டடைக்குச்சி போன்ற உடம்பு. வில்ஃப் வண்டியை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். பெவன் ஏறி உட்கார்ந்து கதவை இழுத்தார். பூட்டின் நாக்கு இரும்பில் முட்டி நின்றது.

"என்னங்க, கதவு சாத்த மாட்டேங்குது?"

"உங்களுக்குச் சாத்தாது," என்றான் வில்ஃப்.

"பின்ன யாருக்குச் சாத்தும்?"

பின்வாசலில் நின்றிருந்த தெல்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"நிலக்கரி மூட்டையெல்லாம் எங்க போச்சுன்னு பாத்தேன்! அத இருக்கையில ஏத்திவெச்சு நைஜல் கனத்துக்குக் கதவு வெச்சிருக்கியா?"

"அவன் வண்டி. வேற யாரு கனத்துக்கு வெப்பாங்க?"

"செத்தவனுக்குக் கதவு வெச்சுட்டு உயிரோட இருக்கிற மனுஷன இழுபறியில விட்டிருக்கியே, நல்லாவா இருக்கு?"

பெவன் தர்மசங்கடமாக இறங்கினார். "வண்டி எனக்குப் பிடிச்சிருக்குங்க. நாளைக்கு மத்தியானம் வர்றேன், கதவை மட்டும் சரிபண்ணி வெச்சிருங்க."

வண்டியை ராத்திரியே கொட்டகைக்குள் தள்ளியாயிற்று. மறுநாள் காலையில் வில்ஃப் மூட்டைகளை அங்கிருந்து பின்வாசலுக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டு, அவற்றின் மேலேயே உட்கார்ந்து சிகரெட் பிடித்தான்.

"தகட்ட உருவலையா?" என்றாள் தெல்மா.

"உனக்குத்தான அவசரம். நீயே போய் உருவு."

"உருவுறேன், போ! முப்பது வருஷமா உன்கூடக் குப்பை கொட்டினவளுக்கு இது கூடத் தெரியாதா?"

தெல்மா ஸ்பானரை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கொட்டகைக்குள் போனாள். வண்டியில் ஒன்றும் இல்லை. எவ்வளவு இடிக்கிறது பார்க்கலாம் என்று கதவைத் தள்ளினாள். காலி வண்டியில் மூடவே கூடாத கதவு, வெண்ணெய் மாதிரி வழுக்கிப்போய் மூடிக்கொண்டது.

திறந்து மறுபடி தள்ளினாள். அப்படியே மூடியது. மேல்விளிம்பில் இடைவெளி ஒரே சீராக இருந்தது. ஓட்டுகிறவர் இருக்கையின் தோல் நடுவில் நன்றாக அமுங்கியிருந்தது.

தெல்மாவுக்குப் பயம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் மத்தியானம் பெவன் வருவார். இன்று விட்டால் வில்ஃப் இதற்குள்ளேயே கிடந்து செத்துப்போவான். கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"இறங்குடா கண்ணா," என்றாள். "அப்பா வீட்டுக்குச் சாப்பிட வரணும்ல?"

சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வண்டியின் ஸ்பிரிங்குகள் முனகின. வண்டி ஒரு நூலளவு மேலே எழும்பியது. அமுங்கிய தோல் மெதுவாக நிமிர்ந்தது. அவள் கதவைத் தள்ளினாள். நாக்கு இரும்பில் முட்டி நின்றது.

பின்னால் வில்ஃப் நின்றிருந்தான். சிகரெட் விரலைச் சுட்டுக்கொண்டிருந்தது, அவன் அதைக் கவனிக்கவில்லை.

"ஏன்டி அவன இறக்கிவிட்ட?"

"உனக்காகத்தான்யா. நீ வீட்டுக்கு வரணும்னுதான்."

"சரி, நான் வர்றேன். அவன் எங்க போவான்?"

தெல்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இறங்கு என்று சொன்னாளே தவிர, நீயும் உள்ளே வாடா என்று பிள்ளையைக் கூப்பிடவில்லை. ஸ்பானரைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடி, மகன் பெயரைச் சொல்லிக் கத்திக் கூப்பிட்டாள்.